சமய மறுப்புச் சூளுரையும் சித்தாந்தத் துணிபும்

ஒரு சமயத்தையோ ஓர் அரசையோ சார்ந்து நின்றார் ஒருவர், அச்சார்பினை விட்டொழித்தேன் எனத் தெய்வத்தையேனும் பிறிதொன்றையேனும் சான்றாக வைத்துக் கூறும் மொழியை மறுப்புச் சூளுரை என ஈண்டு வழங்குவாம். இது நம் நாட்டினும் பிற நாடுகளினும் பல வடிவில் நிகழ்ந்துளது. இதனை இப்போது ஆராயப் புகுந்தது வரலாற்று விருப்பம் ஒன்றனாலன்று. ஆவடிப் பக்கத்து இளைஞர் ஒருவர், வேறு சமயத்திற் பிறந்தவர், சில ஆண்டுகளாகத் திருமுறை ஓதியும் வடதிருமுல்லைவாயிலில் வழிபாடு செய்தும் வருபவர், சைவ தீக்கை பெற விழைந்தனர். அவர் அணுகிய சபையார் ஒரு தாளை நீட்டி, தாம் பிறந்த சமயம் பொய்யென்றும், அதன் கடவுள் கடவுளல்லர் என்றும், அச்சமயத்தாரோடு வழிபாட்டில் இனி ஒருபோதும் கலப்பதில்லை என்றும் உறுதி கூறிக் கைச்சாத்திடுமாறு கேட்டனராம். அவ்விளைஞருடைய அன்னையார் இன்றும் அப்பழைய சமயத்திலேயே நின்று, நாடோறும் மகன் நலங்கருதி வேண்டுதல் செய்பவர். கைச்சாத்திட மனமொருப்படாது அவர் மீண்டனர். இஃது அவர் பத்தியின் குறைவோ, கேட்டவர் முறையின் குறைவோ என்பது நம்மிடம் பாடங் கேட்கும் அன்பர்கள் விடுத்த வினா. மடங்களையும் சபைகளையும் நடத்துவார் பலர்க்கும் உரிய வினாவாகலின், வரலாற்று வழியும் நூல் வழியும் இதனை நோக்குவாம்.

சூளின் இயல்பு

சூள், சூளுறவு, ஆணை, வஞ்சினம், சபதம் என்பன தம்முள் சிறிது வேறுபடினும், சான்று வைத்து உறுதி கூறுதல் என்னும் பொருளில் ஒன்றுவனவாம். சங்கச் செய்யுட்களுள் அகத்திணைத் தலைவன், பிரியேன் எனத் தெய்வத்தை முன்னிறுத்திச் சூளுறுவன். அது பொய்ப்பின் அத்தெய்வம் அவனை வருத்துமோ எனத் தலைவி அஞ்சுவள். புறத்திணையிலோ, பகைவரை வெல்லேனாயின் இன்ன பழி என்னை எய்துக என வேந்தன் கூறுவது வஞ்சினம். புறநானூற்றின் 71, 72, 73 ஆம் செய்யுட்கள் பூதப்பாண்டியன், நெடுஞ்செழியன், நலங்கிள்ளி என்னும் மூவருடைய வஞ்சினங்களாம். இவற்றை உற்று நோக்கின், சூளுக்கு உறுப்பு மூன்று என்பது புலனாம்: சூளுறுவான் ஒருவன், சூளுற்ற பொருள் ஒன்று, சான்று ஒன்று. இம்மூன்றனுள்ளும் உயிராயது சான்றே. சான்றின்கண் அன்போ அச்சமோ இல்லாதவன் கூறும் சூள், வித்தில்லாத உமி போல்வதாம்.

இதனைத் திருத்தொண்டர் வரலாறு இரண்டு நன்கு விளக்கும். தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டக் குயவனார், தம் மனைவியார் ஊடிநின்று திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டாவண்ணம் தடுத்தபோது, அவ்வம்மையார் தம்மைப் பன்மையாற் கூறியது கொண்டு, மற்றை மாதரையும் மனத்தாலும் தீண்டேன் என உறுதி கொண்டனர். இளமை கழிந்து முதுமை வந்துற்ற பின்னரும் இருவரும் ஒரு மனையிலேயே வாழ்ந்து அவ்வாணையைக் காத்தனர். அயலாரும் அறிந்திலர். ஈண்டு ஆணை நின்றது எதனால்? எழுத்தாலன்று, காவலாலன்று, அரசன் ஒறுப்பான் என்னும் அச்சத்தாலுமன்று. திருநீலகண்டத்தின்கண் அவர்க்கிருந்த அன்பே ஆணையைத் தாங்கிற்று.

மற்றையது இவ்வூர்ப் பக்கத்தோடு தொடர்புடையது. சுந்தரமூர்த்தி நாயனார், திருவொற்றியூரில் மகிழின்கீழ், சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுற்றனர். திருவாரூர் வசந்த விழாவின் நினைவு ஈர்ப்ப, அச்சூளைக் கடந்து ஒற்றியூர் எல்லையை நீங்கியவுடன் கண்ணொளி இழந்தனர். இழந்த நிலையில் அவர் வழிக்கொண்டு வந்து பாடிய திருப்பதி, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையேயுள்ள வடதிருமுல்லைவாயில். அப்பதிகத்துள், முல்லைக்கொடி வாயிலாகத் தொண்டைமானுக்கு அருள் செய்த செய்தியோடு, சங்கிலியார் பொருட்டுத் தம் கண்ணை இறைவன் கொண்ட செய்தியும் வருகின்றது. கண்ணைக் கொண்டவனையே பாடினரன்றி, அவனை விட்டேன் என்றிலர். சூள் தவறிற்று, சார்பு தவறவில்லை. அச்சார்பே பின்னர்க் காஞ்சியில் ஒரு கண்ணையும் திருவாரூரில் மற்றைக் கண்ணையும் மீட்டுத் தந்தது. சூள் வேறு, சார்பு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

பிற நாட்டு வரலாறு

இனி, மறுப்பையே பொருளாகவுடைய சூளினைக் காண்பாம். கி.பி. 112 ஐ ஒட்டி, உரோமப் பேரரசின்கீழ் ஒரு நாட்டை ஆண்ட பிளினி என்பார், பேரரசர் திராயனுக்கு எழுதிய ஓலையில், கிறித்தவர் எனக் குற்றஞ் சாட்டப்பட்டோரைத் தாம் ஆராய்ந்த முறையைத் தெரிவிக்கின்றனர். உரோமத் தெய்வங்களை அழைத்து, பேரரசன் படிமத்தின் முன் நறும்புகையும் மதுவும் படைத்து, கிறித்துவை இகழ்ந்தாரை விடுவித்தனர். உண்மைக் கிறித்தவரை இவ்வாறு செய்யுமாறு எவ்வாற்றானும் வற்புறுத்தல் இயலாது எனத் தாம் கேள்வியுற்றதனையும் அவரே எழுதுகின்றனர். கி.பி. 250 இல் தேசியசு என்னும் பேரரசன், குடிகள் யாவரும் தெய்வங்கட்குப் பலியிட்டமைக்குச் சான்றுச் சீட்டுப் பெறவேண்டும் என ஆணையிட்டனன். அச்சீட்டுக்கள் சில எகிப்து நாட்டு மணலுள் இன்றும் கிடைத்துள.

துன்புற்ற அச்சமயம் ஆட்சி பெற்றபின் தானும் மறுப்புச் சூளைக் கைக்கொண்டது. நான்காம் நூற்றாண்டில் எருசலேமில், ஞானமுழுக்குப் பெறுவார் முதலில் மேற்றிசை நோக்கித் தீய ஆவியை மறுத்துரைத்து, பின்னர்க் கீழ்த்திசை நோக்கித் தம் நம்பிக்கையை உரைப்பர். இஃது அகத்துத் தீமையை மறுத்தலாகலின் ஏற்புடைத்தே. ஆயின் எட்டாம் நூற்றாண்டில் சாக்சானியரைச் சார்லிமேன் போரால் அடக்கியபோது, ஞானமுழுக்கை மறுப்பார்க்குக் கொலைத் தண்டம் விதிக்கப்பட்டது. அக்காலத்ததாகக் கருதப்படும் ஒரு சூளுரையில், அம்மக்கள் தம் முன்னோர் தெய்வங்களாகிய தூனர், ஊதன், சாக்சுநோத்து என்பாரைப் பெயர் கூறி மறுக்குமாறு வினா விடையாக அமைந்துளது. மறுக்கச் செய்தோர் அவர்தம் முன்னோரையும் உடன் மறுக்கச் செய்தனர் என்பது இதன் உட்கிடை.

சப்பான் நாட்டு வரலாறு இவையனைத்தினும் வியப்புடையது. 1614 இல் அந்நாட்டு ஆட்சியாளர் கிறித்தவ சமயத்தைத் தடை செய்தனர். நாகசாகிப் பக்கத்தில், கிறித்துவின் அல்லது அவர் அன்னையாரின் உருவம் அமைந்த பலகையை ஆண்டுதோறும் மக்கள் காலால் மிதித்துக் காட்டவேண்டும் என்பது 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நிகழ்ந்த வழக்கம். மேலும், சமயத்தை விட்டார் எழுதிக் கொடுத்த மறுப்பு ஓலைகளுள், அவர் மறுக்கும் அக்கிறித்தவக் கடவுளையே சான்றாக வைத்துச் சூளுறுமாறு அமைக்கப்பட்டனவும் உள. கடவுளை விட்டேன் என்று அக்கடவுள் ஆணையாகக் கூறுக என்றவாறு! இதன் முடிவு யாது? 1865 இல் நாகசாகியில் புதிதாக எழுந்த தேவாலயத்திற்கு உழவர் சிலர் வந்து, தாமும் அந்நம்பிக்கையுடையார் என்று குருவானவரிடம் மெல்லக் கூறினர். இருநூறு ஆண்டிற்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாகப் பலகையை மிதித்து வந்தாருடைய வழித்தோன்றல்கள் அவர். கால் மிதித்தது, நெஞ்சு மிதித்திலது.

நம்மவரிடை நிகழ்ந்தன

பிறர் செய்தனவற்றை எடுத்துரைத்து, நம்மவர் பெயராற் கூறப்படுவனவற்றை மறைத்தல் நடுநிலை அன்று. வைணவ குருபரம்பரை நூல்கள் கூறும் வரலாறு ஒன்றுண்டு. சோழ மன்னன் ஒருவன், சிவனின் மேலான பரம்பொருள் இல்லை என எழுதிய ஓலையில் இராமாநுசர் ஒப்பமிடவேண்டும் எனப் பணித்தனன் என்றும், காஞ்சியை அடுத்த கூரத்திற் பிறந்த கூரத்தாழ்வார் தம் ஆசிரியருக்கு மாற்றாகச் சென்றனர் என்றும், சிவம் என்னும் சொல்லுக்கு ஒரு முகத்தலளவைப் பெயராகவும் பொருளுண்மையின் அதனினும் துரோணம் என்னும் அளவு பெரிது எனச் சிலேடையாக எழுதினர் என்றும், அதனாற் கண்ணிழந்தனர் என்றும் அந்நூல்கள் கூறும். அம்மன்னன் இன்னன் என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமைப்பட்டிலர்; வரலாறே நிகழ்ந்ததோ என ஐயுறுவாரும் உளர். அவ்வாராய்ச்சி நிற்க. சைவர் இதனை நோக்கி ஒன்று வினவிக்கொள்ளல் வேண்டும். அவ்வோலையில் கூரத்தாழ்வார் அச்சத்தால் ஒப்பமிட்டிருப்பாராயின், சிவபெருமானுக்கு ஓர் அடியார் மிக்கிருப்பரோ? ஓர் ஒப்பம் மிக்கிருக்கும், அவ்வளவே. சூள் தவறிக் கண்ணிழந்தார் நம் சுந்தரர். பிறர் கேட்ட சூளை மறுத்துக் கண்ணிழந்தார் கூரத்தாழ்வார். இருவரும் தத்தம் இறைவனை விட்டிலர். சார்பின் வன்மையை இரு திறத்தாரும் உணர்தற்கு இதுவே வழி.

இராமாநுசரோடு தொடர்புடைய திருக்கச்சி நம்பிகள் பிறந்தது பூவிருந்தவல்லி. அதற்கு மேற்கே சிறிது தொலைவில் உள்ளது திருமழிசை. அவ்வூர் ஆழ்வார், பௌத்தம், சமணம், சைவம் முதலிய நெறிகளை ஆராய்ந்து, இறுதியிற் பேயாழ்வாரால் திருமால் நெறியை அடைந்தனர் என வைணவர் கூறுவர். அவர் வாதத்தால் தெளிந்தனர் என்ப. முன்னைய நெறிகளைப் பழித்துச் சூளுற்றனர் என அவ்வரலாறு கூறக் கேட்டிலம். நம் சமயத்தினின்று ஒருவர் பெயர்ந்து சென்ற வரலாறாயினும், பெயர்ந்த முறை அறிவின் வழிப்பட்டதாகலின் அதன்கண் நாம் வெகுளற்குக் காரணம் இல்லை.

யாழ்ப்பாணத்து வரலாறு சைவர் யாவரும் அறியத்தக்கது. 1619 இற் போர்த்துக்கேயரும் 1658 இல் ஒல்லாந்தரும் அந்நாட்டைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் காலத்தில் அரசு வேலை பெறுதற்கும் விவாகத்தைப் பதிந்து கொள்ளுதற்கும் ஞானமுழுக்குப் பெற்றிருத்தல் வேண்டப்பட்டது. மக்கள் பலர் கோவிற் பதிவேட்டிற் கிறித்தவராகவும், மனையகத்திற் சைவராகவும் வாழ்ந்தனர். ஆங்கிலேயர் 1795 இற் புகுந்தபின் அக்கட்டாயம் தளர்ந்தது. தளரவே, பதிவேட்டுக் கிறித்தவர் தொகையும் விரைந்து சுருங்கிற்று. இதற்குமுன், போர்த்துக்கேயர் உணவிற்குப் பசு கேட்ட முறை தமக்கு வருதலும், அதற்கு உடன்படாது இரவோடிரவாக நாடு நீங்கித் தில்லை வந்தடைந்து, சித்தியார்க்கு உரை கண்ட ஞானப்பிரகாச முனிவர் வரலாறு வழிவழியாகக் கூறப்படுவது. 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலரும், சைவரை மீட்டற்குக் கைக்கொண்ட கருவி கல்வியும் பிரசங்கமும் அச்சுநூலுமே.

இறுதியாக, நம் காலத்தை அடுத்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1956 அக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியில் அம்பேத்கர் அவர்கள் புத்த நெறியைத் தழுவி, தம்மைப் பின்பற்றிய பல்லாயிரவர்க்கு 22 உறுதிமொழிகளை வழங்கினர். அவற்றுள், பிரமன், திருமால், மகேசுவரன் என்பாரைக் கடவுளராகக் கொள்ளேன், வழிபடேன் என்பதும், கௌரி, கணபதி முதலிய தெய்வங்களை வழிபடேன் என்பதும் உள. அவ்விடம் தீட்சாபூமி என வழங்கப்படுகின்றது. சைவர் செவிக்கு இம்மொழிகள் வருத்தந் தருவனவே. ஆயினும், இவை அரசன் வாளால் வாங்கப்பட்டனவல்ல, தாமே கூறப்பட்டன. கோவில் வாயிலில் தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்பட்டோர் கூறின. சென்னை மாகாணத்தில் எல்லா இந்துக்களுக்கும் கோவிலுட் செல்லும் உரிமையைச் சட்டம் முற்ற வகுத்தது 1947 இல் என்பதனை நினைவு கூர்ந்தால், அச்சூளினைக் கூறினார் வாயை நோவாது, அதனைக் கூறுவித்த நம் வாயிற்கதவை நோவதே தக்கது. திருநாளைப்போவாரைத் தொழுவோம் எனக் கூறிக்கொண்டே அவர் மரபினரைத் தடுத்தவர் யார்?

அடியார் காட்டிய வழி

இனி, பிற சமயத்தினின்று சைவத்துக்கு வந்த அடியார்கள் என் செய்தனர் எனக் காண்பாம். திருநாவுக்கரசர், தருமசேனர் என்னும் பெயரோடு சமணத் தலைமை பெற்றிருந்தவர். சூலைநோய் வருத்தத் தமக்கையார் திலகவதியாரிடம் வரக் கருதி, பாய் உடையும் உறி தூங்கிய குண்டிகையும் பீலியும் ஒழித்து, வெள்ளாடை போர்த்து இரவில் திருவதிகை சேர்ந்தனர். திலகவதியார் யாது கேட்டனர்? சமணத்தை மறுத்துச் சூளுறுக என்றிலர். திருவைந்தெழுத்தோதித் திருநீற்றை அளித்துக் கோவிலுள் அழைத்துச் சென்றனர். சமணரோடிருந்த காலத்தைக் குறித்து நாவரசர் பாடிய இரக்கமெல்லாம் அதற்குப் பின்னர்த் தாமே அன்பினாற் கூறியன. மறுப்பு முன்னும் அன்பு பின்னுமாக அன்று. அன்பு முன்னும் மறுப்பு பின்னுமாக நிகழ்ந்தது. பல்லவ மன்னன் அழைத்தபோது அவர் உரைத்த மறுமொழியோ, சிவனுக்கன்றிப் பிறர்க்கு ஆளாகோம் என்பது. அதுவும் கேட்டு வாங்கிய சூளன்று. நீற்றறை, நஞ்சு, யானை, கல் என்னும் நான்கினும் நின்று காட்டிய நிலை. அம்மன்னனும் பின்னர்ச் சைவனாயினன் எனச் சேக்கிழார் கூறுவர். குணபரன் என்னும் அரசன் எதிர்நெறியினின்று இலிங்கத்தால் மீண்டான் என்னும் கருத்தமைந்த திருச்சிராப்பள்ளிக் குடைவரைக் கல்வெட்டினை, மகேந்திரவர்மனுடைய அம்மாற்றத்திற்குச் சான்றாக ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர்; வேறு பொருள் கொள்வாரும் உளர்.

சாக்கிய நாயனார் வரலாறு இதனினும் ஆழமுடையது. சங்கமங்கையிற் பிறந்த அவர், காஞ்சியில் பௌத்த நெறி நின்று ஆராய்ந்து, சிவநெறியே மெய்ந்நெறி எனத் தெளிந்தனர். தெளிந்தபின்னும் சாக்கிய வேடத்தை நீக்கினாரல்லர். எந்நிலையில் நின்றாலும் எக்கோலங் கொண்டாலும் சிவபெருமான் திருவடியை மறவாமையே பொருள் எனத் துணிந்து, அவ்வேடத்தோடே நாடோறும் இலிங்கத்தின்மேற் கல்லெறிந்து வழிபட்டனர். இறைவன் அக்கல்லை மலராக ஏற்றனன். மறுப்புத் தாளிற் கைச்சாத்து இல்லாதார்க்குத் தீக்கை இல்லை என்னும் விதியைச் சாக்கியர்க்கு முன் வைப்பின், அறுபத்துமூவரில் ஒருவர் குறைந்து போவர் என்பதனை அச்சபையார் உணர்வாராக.

சித்தாந்தத் துணிபு

இவ்வரலாறுகளின் காரணத்தை நம் நூல்கள் விளக்குவன. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது என்பது மெய்கண்டார் கொள்கை. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுவது போல, உயிர் மலத்தைச் சாரின் மலமேயாயும் சிவத்தைச் சாரின் சிவமேயாயும் விளங்கும். செம்மலரை அடுத்திருக்கும் பளிங்கினை நோக்கி, நீ சிவப்பல்லை எனக் கூறுக என்றால் அஃது என் செய்யும்? மலரை அகற்றி வேறொன்றை அடுக்க வைப்பின் நிறம் தானே மாறும். ஆதலின் மாறவேண்டுவது சார்பு, சொல்லன்று.

இதனைத் தருக்க நெறியானும் காட்டலாம். மறுப்புச் சூளுறுவான், பழைய கடவுளைச் சான்றாக வைத்துச் சூளுறுவனோ, புதிய கடவுளைச் சான்றாக வைத்துச் சூளுறுவனோ? பழைய கடவுளெனின், அக்கடவுளிடத்து நம்பிக்கை எஞ்சி நிற்றலின் மறுப்புப் பொய்யாம். நம்பிக்கை எஞ்சவில்லையெனின் சான்று பயனிலதாய்ச் சூள் நில்லாது. சப்பான் நாட்டு ஓலைகளின் குற்றம் இதுவே. புதிய கடவுளெனின், அக்கடவுள்பால் மெய்யன்பு உண்டாயின் சார்பு முன்னரே மாறிற்றாகலின் சூள் மிகையாம். அன்பு இன்றாயின் அச்சூளைத் தாங்குவது யாதொன்றும் இல்லை. ஆகவே மறுப்புச் சூள் பொய்யாதல், நில்லாமை, மிகையாதல், தாங்குவது இன்மை என்னும் நான்கனுள் ஒன்றன்பாற் பட்டொழியும்.

சிவஞான சித்தியார் சுபக்கத்து எட்டாஞ் சூத்திரம், உயிர் புறச்சமய நெறிகளில் நின்றும், அகச்சமயம் புகுந்தும், மிருதி வழியும் ஆச்சிரம வழியும் நடந்தும், அருந்தவங்கள் புரிந்தும், கலைகள் பல கற்றும், முடிவிற் சைவத்திறத்தை அடையும் எனப் படிமுறையாகக் கூறும். இரண்டாஞ் சூத்திரத்திலோ, எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாக நின்று பயனளிப்பவன் சிவனே என்னும் துணிபு பெறப்படும். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, ஒருவன் முன் நின்ற சமயம் அவன் ஏறிவந்த படியாகும். மாடி அடைந்தவன் படியிலே நில்லான். ஆயினும் படியை இகழான். பரபக்கத்தில் மாற்றார் கொள்கைகளை அருணந்தி சிவனாரே மறுத்துரைத்தனரன்றோ எனின், அது கொள்கையை அளவையால் மறுத்தல். கொள்கையை மறுத்தல் நூலாசிரியர் கடன்; அன்பைப் பழிப்பித்தல் எவர்க்கும் கடனன்று.

இனி, ஆகமம் இதற்கு ஒரு கிரியையே வகுத்துள்ளது. வேறு நெறியில் விரதம் பூண்டு நின்றார் சிவதீக்கைக்கு வருமிடத்து, இலிங்கோத்தாரம் என்னும் சடங்கு செய்யப்படும். ஈண்டு இலிங்கம் என்றது பழைய சமயக் குறியினை. 11 ஆம் நூற்றாண்டினதாகிய சோமசம்பு பத்ததியுள் இச்சடங்கு கூறப்பட்டுளது. இதன் நுட்பம் நோக்கற்பாலது. முன்னைய குறியை நீக்குவார் யார்? ஆசாரியர். எதனால்? மந்திரத்தாலும் அக்கினி காரியத்தாலும். மாணாக்கன் வாயால் தன் பழைய கடவுளைப் பழிப்பது அதன் உறுப்பன்று. கட்டினை அவிழ்த்தல் குருவின் செயல். அவிழ்ந்தவாறு ஒழுகுதல் மாணாக்கன் செயல். மறுப்புத் தாள் வாங்குவோர், குரு செய்யவேண்டுவதனை மாணாக்கன் தலையில் ஏற்றுகின்றனர்.

தடையும் விடையும்

அற்றேல், உறுதி வாங்காவிடின் வருவார் உண்மையன்பரோ, பயன் கருதி வந்தாரோ என அறிவது யாங்ஙனம் எனின், ஆசாரியன் மாணாக்கனை ஆராய்ந்து கொள்ளுக என்பதே ஆகமவிதி. தாளினை ஆராய்க என்பதன்று. பயன் கருதி வந்தவனே எத்தாளிலும் விரைந்து கைச்சாத்திடுவான். தயங்கி நின்றவன் சொல்லின் பொருளை அறிந்தவன். இருவருள் தீக்கைக்குத் தக்கான் யாவன் என்பதனை நாம் கூறவேண்டுவதில்லை.

அற்றாக, திருஞானசம்பந்தரோடு வாது செய்த சமணர், தோற்பின் கழுவேறுவதாக உரைத்தனரன்றோ, அஃது உறுதி வாங்கியதாகாதோ எனின், ஆகாது. அது வாதில் இறங்கினார் தாமே வெகுண்டு கூறிய ஒட்டு எனச் சேக்கிழார் தெரிவிப்பர். ஒட்டு வேறு, மறுப்புச் சூள் வேறு. பாண்டியன் சைவனாயது அவ்வொட்டினாலன்று. வெப்புநோயைத் தீர்த்த திருநீற்றாலும் மங்கையர்க்கரசியார் பொறுமையாலும். கழுவினை எடுத்துக்காட்டிச் சைவத்துக்குப் பெருமை தேடுவார், அப்பொறுமையை மறந்தாராவர்.

அரசினை மறுத்துக் கூறும் சூளும் இவ்வாறாமோ எனின், ஆண்டுச் சிறிது வேறுபாடு உண்டு. அமெரிக்க நாட்டிற் குடியுரிமை பெறுவார் பிற அரசுகளுக்குரிய பற்றினை விட்டேன் என உறுதி கூறல் வேண்டும் என 1795 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இன்றும் அவ்வழக்கம் உண்டு. அங்குச் சென்ற தமிழன்பர் பலர் அதனைக் கூறியுள்ளனர். குடிமை என்பது உலகியற் கடப்பாடு. வரி, வழக்கு, காவல் என்பவற்றோடு முடிவது. அதனை மாற்றியுரைத்தலாற் சமயச் சார்பு குன்றாது. ஆயினும் அரசுச் சூளும் உள்ளத்தினுட் புக முயலுமிடத்துத் தன் எல்லையைக் கடந்ததாகும். இலங்கையில் 1983 ஆகத்தில் நிறைவேறிய ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம், தனிநாட்டுக் கொள்கையை மறுத்துச் சூளுறுமாறு பாராளுமன்ற உறுப்பினரை வேண்டிற்று. தமிழர் விடுதலைக் கூட்டணியினர் சூளுறாது தம் இடங்களை இழந்தனர். அச்சூளால் அந்நாட்டில் அமைதி விளைந்திலது என்பது உலகறிந்தது.

முடிபு

இதுகாறுங் கூறியவற்றாற் பெறப்படுவன நான்காம். ஒன்று, சைவத்துக்கு வருவாரிடம் அவர் பிறந்த சமயத்தைப் பழித்துக் கைச்சாத்து வாங்குதல் அடியார் வழக்கிலும் ஆகம வழக்கிலும் இல்லாதது. இரண்டு, வேற்று நெறியில் விரதம் பூண்டு வந்தார்க்கு ஆகமம் வகுத்த சடங்கு உண்டு. அதனைத் தகுதியுடைய ஆசாரியர் செய்க. மூன்று, நம்மை விட்டுச் செல்வார் மறுப்புரை கூறிச் செல்லினும், அவரை வைது அனுப்பாது, செல்லச் செய்த காரணத்தை நம்மிடத்தே தேடுக. மீள வருவார்க்குக் கதவு திறந்திருக்க. நான்கு, தாய் ஒருத்தி தன் மகன் நலம்வேண்டி எத்தெய்வத்தின் முன் கைகூப்பினும், அக்கைகூப்பினை ஏற்பவன் சிவனேயென்பது சித்தியார் துணிபாகலின், அத்தெய்வத்தைப் பழிக்குமாறு அம்மகனைப் பணித்தல் சிவனையே பழிப்பிக்கும் குற்றமாய் முடியும்.

கைச்சாத்திடாது மீண்ட அவ்விளைஞர்க்குப் பத்திக்குறைவு யாதும் இல்லை. அவரை அழைத்துத் திருநீறு அளித்தலே சபையார் இனிச் செய்யத்தக்கது. திலகவதியார் செய்ததும் அதுவே.

திருச்சிற்றம்பலம்